கூலிக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருப்பூரில் ஒரு கல்லூரியில் 31 வருடம் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அம்மா பனியன் கம்பெனியில் கைமடி, அதாவது டைலருக்குக் கை உதவி. அப்பா கட்டிங் மாஸ்டர். கூலி, வேலை, சம்பளம் பற்றி வாசகர்கள் கேட்டு எழுதலாம் என்று போன இதழில் அறிவிப்பு வந்ததும் நிறையக் கடிதங்கள் வந்தன. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: தொழிலாளர் சந்தை என்று பாடத்தில் வருகிறது. தக்காளிக்கு மார்க்கெட் இருக்கிறது, மாட்டுக்குச் சந்தை இருக்கிறது. வேலைக்குச் சந்தை எங்கே கூடுகிறது டீச்சர்? (பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி, தாராபுரம்)

பதில்: ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் திருப்பூருக்கு வந்து, ஏதாவது ஒரு கம்பெனி வீதியில் நடந்து பார், கண்ணு. கேட்டிலும் கரண்டு கம்பத்திலும் காகிதம் ஒட்டியிருக்கும்: ‘சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டைலர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை.’ (முதல் மூன்றும் தையல் மிஷின் வகைகள்.) டிபன் டப்பாவோடு நாலு பெண்கள் நின்று அதைப் படிப்பார்கள். ஒருத்தி வாட்ச்மேனிடம் போய் ஷிப்டுக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு வருவாள். மற்றவர்கள் வெளியே நின்று பேசிக்கொள்வார்கள்: பஸ் இருக்கிறதா, சனிக்கிழமை சம்பளம் ஒழுங்காக வருமா, சூப்பர்வைசர் எப்படி. உன் பாடத்தில் இருக்கிற தேவை, அளிப்பு என்ற இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்கிற இடம் அந்த கேட்டுதான்.

ஆனால் தக்காளியைப் போல இதைக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். தக்காளியைச் சாப்பிடுவதற்காக வாங்குகிறோம். தையலைத் தையலுக்காக யாரும் வாங்குவதில்லை. பனியன் விற்றால்தான் டைலருக்கு வேலை. இதைப் ‘பெறப்பட்ட தேவை’ என்கிறோம். 2011 ஜனவரியில், நொய்யல் ஆறு கெட்டுப்போன வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. தைக்கிறவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை, மிஷினிலும் குறை இல்லை. சாயம் போட்ட துணி வரவில்லை, அதனால் ஷிப்ட் கிடைக்கவில்லை. அந்த வருடம் என் வகுப்பில் பருவக் கட்டணம் கட்ட முடியாமல் நின்ற பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் சாயப்பட்டறையை உள்ளே போய்ப் பார்த்தது கூடக் கிடையாது.

அப்புறம், இன்றைக்கு விற்காத தக்காளியை நாளைக்கு விற்கலாம். விற்காமல் போன திங்கட்கிழமை ஷிப்டைச் செவ்வாய்க்கிழமை விற்க முடியாது, அது போனது போனதுதான். விற்கிற ஆளும் சரக்கோடு கூடவே போக வேண்டியிருக்கிறது. தக்காளிக்காரர் கூடையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். தைக்கிறவள் எட்டு மணி நேரம் அந்தக் கூரைக்கு அடியில் உட்கார வேண்டும். கழிப்பறை எப்படி இருக்கிறது, சூப்பர்வைசரின் வாய் எப்படி என்பதெல்லாம் கூலியோடு சேர்ந்த விஷயம் ஆவது இதனால்தான்.

கேள்வி: அதே ஓவர்லாக் மிஷின், அதே டி-ஷர்ட். எங்கள் கம்பெனியில் ஒரு ரேட், இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறு ரேட். சந்தை என்றால் ஒரே விலை வர வேண்டாமா? (டைலர், பாண்டியன் நகர், திருப்பூர்)

பதில்: வர வேண்டும் என்றுதான் பழைய பாடம் சொல்கிறது. தொழிலாளி ரூபாய் அதிகம் கிடைக்கும் கேட்டுக்கு நடந்துவிடுவார், ஆள் போய்விடுமே என்று பழைய முதலாளி ரேட்டை ஏற்றுவார், கடைசியில் எல்லா இடத்திலும் ஒரே கூலி நிற்கும் என்பது அதன் கணக்கு. அந்த நடை நிஜத்தில் எவ்வளவு கஷ்டம் என்பதை நான் வீட்டிலேயே பார்த்தேன்.

என் அம்மா ஒரே கம்பெனியில் 11 வருடம் கைமடியாக இருந்தார். டைலருக்குப் பக்கத்தில் நின்று, தைத்து வருகிற பனியனை வாங்கி, மடித்து, அடுத்த துண்டை எடுத்துக் கொடுக்கிற வேலை. உட்கார இடம் கிடையாது. இரண்டு வீதி தள்ளி இன்னொரு கம்பெனியில் ஷிப்டுக்கு ஒரு ரூபாய் கூடுதல் என்று அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். ஏன் போகவில்லை? தீபாவளிக்கு 300 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். வாரம் ஐந்து ரூபாய் பிடித்தம். அது தீர்வதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும், மறுபடியும் 300. கணக்கு நேராகாமல் வேறு கம்பெனிக்குப் போனால், இந்த மேனேஜர் அந்த மேனேஜருக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார். மதியம் ஓடிவந்து தம்பிக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போகவும் பழைய கம்பெனிதான் பக்கம். இத்தனையும் சேர்ந்து ஒரு ரூபாயை விடக் கனமாக இருந்தது.

1986-இல் எங்கள் வீதியிலேயே புதிதாக ஒரு கம்பெனி வந்தது. சிலேட்டுப் பலகையில் சாக்பீஸால் எழுதி மாட்டினார்கள்: கைமடி, செக்கிங் ஆட்கள் உடனே தேவை. அம்மா அங்கே போகவில்லை, போய் விசாரிக்கவும் இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை பழைய கம்பெனியில் கவரைப் பிரித்தால் ஷிப்டுக்கு ஒன்றரை ரூபாய் கூடியிருந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் பேசவில்லை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து பணத்தை இரண்டு தடவை எண்ணினார். பக்கத்தில் நான் எம்.ஏ. புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் பாடம் புரிந்தது. ஒருவர் எத்தனை கேட்டுக்கு நடந்து போக முடியும் என்பதுதான் அவருடைய கூலியைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அவர் நிஜமாகவே நடந்து போகாவிட்டாலும் சரி.

வாங்குகிறவர் ஒருவரே என்ற நிலைக்கு மோனாப்சனி என்று பெயர். 1933-இல் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஊருக்கு ஒரே ஒரு மில் இருக்க வேண்டும் என்பதில்லை. பஸ் வசதி, குழந்தை, அட்வான்ஸ், ஹாஸ்டல், ரேட் தெரியாமை, இவை எல்லாம் சேர்ந்து ஆயிரம் கம்பெனி இருக்கிற ஊரிலும் ஒரு பெண்ணுக்கு ஒரே கேட்டுதான் என்று ஆக்கிவிடும். நூல் மில்களில் சின்னப் பெண்களை ஹாஸ்டலில் வைத்து, மூன்று வருடம் முடிந்தால் மொத்தத் தொகை என்று சொன்ன ‘சுமங்கலித் திட்டம்’ இதன் மோசமான உருவம். பாதியில் நின்றால் அந்தத் தொகை போய்விடும். அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்கு வேறு கேட்டே கிடையாது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பொருளாதார அறிஞர் ஆதாம் ஸ்மித் 1776-லேயே இதை எழுதிவிட்டார். சண்டை வந்தால் முதலாளி ஓரிரு வருடம் கூடத் தாக்குப்பிடிப்பார், தொழிலாளிகளில் பலர் ஒரு வாரம் தாங்க மாட்டார்கள் என்றார். கூலியை ஏற்றக் கூடாது என்ற விஷயத்தில் முதலாளிகள் எப்போதும் சத்தமில்லாமல் சேர்ந்தே இருப்பார்கள் என்றும் எழுதினார். 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. ஒரு வாரம் தாங்காது என்று ஸ்மித் சொன்ன குடும்பங்கள் பதினெட்டு வாரம் தாங்கின. எங்கள் வீட்டில் அம்மாவின் தோடும் பித்தளை அண்டாவும் அடகுக்குப் போயின. தனி ஆளாக வேறு கேட்டுக்குப் போக முடியாதவர்களுக்குச் சங்கம் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இதற்கு மேல் நான் விளக்கம் தேடியதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அந்த ரேட்டை உங்கள் லைனில் இருக்கிற எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்க்கப் பாருங்கள்.

கேள்வி: இருபது மிஷின் பவர் டேபிள் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். குறைந்தபட்சக் கூலியை ஏற்று ஏற்று என்கிறார்கள். ஏற்றினால் நாலு பேரை நிறுத்தத்தான் வேண்டும். பொருளாதாரம் படித்தவர்கள் இதை ஏன் ஒத்துக்கொள்வதில்லை? (சிறு முதலாளி, பெருமாநல்லூர்)

பதில்: ஐயா, பல காலம் பொருளாதாரம் படித்தவர்களும் நீங்கள் சொல்வதையேதான் சொன்னார்கள். விலை ஏறினால் வாங்குவது குறையும், கூலியும் விலைதானே என்று. அமெரிக்காவில் 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் பழைய கூலியே தொடர்ந்தது. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் இரண்டு பக்கமுமாக 410 பர்கர் கடைகளில், கூலி ஏறுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கு அடையாளம் இல்லை. 1994-இல் அது வெளிவந்ததும் பெரிய சண்டையே நடந்தது. வேறு கணக்கை எடுத்துப் பார்த்து மறுத்தவர்களும் உண்டு. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேலை ஏன் குறையவில்லை? மேலே டைலருக்குச் சொன்ன ‘ஒரே கேட்டு’ கதைதான். கூலி ஏற்கனவே அழுத்தி வைக்கப்பட்டிருக்கிற இடத்தில், அதைக் கொஞ்சம் ஏற்றினால் இருக்கிற ஆள் விட்டுப் போவதில்லை, புது ஆளும் வருகிறார். ஆள் வேலையை விட்டுப் போவதற்கும் ஒரு விலை உண்டு ஐயா. ஹென்றி போர்டு கார் தொழிற்சாலையில் 1913-இல் ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஒரே வருடத்தில் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. வருவதும் போவதுமாக இருந்தார்கள். 1914 ஜனவரியில் தினக்கூலியை 5 டாலர் என்று கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கினார். மறுநாளே கேட்டில் கூட்டம். உங்கள் யூனிட்டில் போன தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை, புது ஆள் கை பழகும் வரை எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

ஆனாலும் உங்கள் கஷ்டத்தை நான் தள்ளிவிடவில்லை. பீஸுக்கு இவ்வளவுதான் என்று எக்ஸ்போர்ட் கம்பெனி உங்களிடம் முடித்துவிடுகிறது. அவர்களுக்கு வெளிநாட்டு பையர் முடித்துவிடுகிறார். நீங்கள் டைலருக்கு முதலாளி, ஆனால் ஆர்டருக்கு நீங்களும் ஒரே கேட்டில் நிற்கிறவர். உங்கள் மேல் மட்டும் கூலி ஏற்றத்தைச் சுமத்தினால் யூனிட் மூடத்தான் செய்யும். அதனால்தான் உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து ஊர் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம் போடுகிற திருப்பூர் வழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். எல்லோருக்கும் ஒரே நாளில் ஏறினால், உங்களை விட்டுவிட்டு அடுத்த யூனிட்டுக்கு ஆர்டரைக் கொண்டுபோக ஒரு காரணம் குறைகிறது.

கேள்வி: வடமாநிலத்து ஆட்கள் வந்ததால்தானே நம் ஆட்களின் கூலி ஏறாமல் நிற்கிறது? (வாசகர், ஊத்துக்குளி)

பதில்: ஊரில் வேலை இத்தனைதான், ஒருவர் வந்தால் ஒருவருக்குப் போச்சு என்று நினைப்பதால் வருகிற பயம் இது. வருகிறவர்கள் அரிசி வாங்குகிறார்கள், ரூம் வாடகை கொடுக்கிறார்கள், போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். ஆள் கிடைக்கிறது என்பதால்தான் பெரிய ஆர்டரைத் துணிந்து எடுக்கிறார்கள், அதில் செக்கிங்குக்கும் கட்டிங்குக்கும் நம் ஆட்களுக்கு வேலை பிறக்கிறது. 1980-இல் கியூபாவிலிருந்து ஏறக்குறைய 1,25,000 பேர் சில மாதங்களில் அமெரிக்காவுக்குப் படகில் வந்தார்கள். மயாமி நகரத்தின் தொழிலாளர் எண்ணிக்கை ஏழு சதவீதம் உயர்ந்தது. மேலே சொன்ன அதே டேவிட் கார்டு அதை ஆராய்ந்து, உள்ளூர்க்காரர்களின் கூலியில் பெரிய பாதிப்பு இல்லை என்றார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கு மட்டும் கூலி விழுந்தது என்று இன்னொரு பொருளாதார அறிஞர் ஜார்ஜ் போர்ஹாஸ் பிற்பாடு மறுத்தார். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அதே மிஷினில் அதே வேலைக்குப் போட்டி போடுகிற ஹெல்பருக்கு அழுத்தம் இருக்கலாம்.

ஆர்தர் லூயிஸ் என்று செயின்ட் லூசியா தீவில் பிறந்த பொருளாதார அறிஞர் 1954-இல் சொன்னது இங்கே பொருந்தும். கிராமத்தில் வேலை போதாமல் ஆட்கள் தேங்கி நிற்கும் வரை, அவர்களை இழுக்கிற நகரத்துக் கூலி பெரிதாக ஏறாது என்றார். முன்பு மதுரை, தேனி, திண்டுக்கல்லிலிருந்து திருப்பூருக்கு ஆள் வந்தபோது இருந்த அதே கதை. இன்றைக்குப் பீகாரும் ஒடிசாவும் ஜார்கண்டும். கூலியைக் கீழே பிடித்து வைப்பது, வந்த ஆளுக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்ற வசதி. அவருக்கும் அதே கூலி, அதே இ.எஸ்.ஐ., அதே பி.எப். என்றால் அந்த வசதி போய்விடும். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பயந்துபோய்ச் சிலர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். அந்த நாட்களில் எங்கள் வீதி மளிகைக் கடையில் பேச்சு முழுக்க லைனில் ஆள் இல்லையே என்பதுதான்.

கேள்வி: வீட்டிலேயே பிசிர் வெட்டிக் கொடுக்கிறேன். ‘சும்மா வீட்டில்தானே இருக்கிறாய்’ என்கிறார்கள். அரசாங்கக் கணக்கில் நான் வேலை செய்கிறவளா, இல்லையா? (இல்லத்தரசி, காங்கேயம்)

பதில்: வேலை செய்கிறவர்தான் தங்கச்சி. 2017-18-இல் தொடங்கிய தொழிலாளர் கணக்கெடுப்பில், கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் வார அளவீட்டில் வேலையில் இருப்பவர் என்று எழுதுவார்கள். ஆனால் கம்பெனித் துணியை மூட்டையாக இறக்கி, கம்பெனி சொன்ன பீஸ் ரேட்டில் பிசிர் வெட்டுகிற உங்களை அவர்கள் சேர்க்கிற கட்டம் ‘சுயதொழில்’. ரேட்டை நீங்கள் வைக்கவில்லை, வேலை நேரத்தையும் மூட்டைதான் முடிவு செய்கிறது. கத்தரிக்கோல் மட்டும் உங்களுடையது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுகிறவர்கள் இருவரும் சேர்ந்த பங்கு நாடு முழுவதும் 2017-18-இல் 23.3 சதவீதம். 2023-24-இல் அது 41.7. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏறியதில் பெரும் பங்கு சுயதொழில் என்ற கட்டத்திலும், குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் உதவுகிறவர்கள் என்ற கட்டத்திலும்தான். மாதச் சம்பள வேலை அந்த வேகத்தில் ஏறவில்லை. இன்னொன்று, வேலை கிடைக்காது என்று தேடுவதையே விட்டுவிட்ட பெண் ‘வேலையில்லாதவர்’ கணக்கில் வர மாட்டாள். தேடினால்தான் அந்தப் பட்டியலில் பெயர். வேலையின்மை குறைந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: மகன் எம்.காம். அக்கவுண்ட்ஸ் வேலையில் டைலரை விடக் குறைந்த சம்பளம். படிப்புக்கு மதிப்பே இல்லையா? (தந்தை, உடுமலைப்பேட்டை)

பதில்: படிப்பு ஆளின் திறமையைக் கூட்டுகிறது, அதனால் கூலி கூடுகிறது என்றார் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர். சான்றிதழ் என்பது ‘இந்தப் பையன் பொறுமைசாலி, கெட்டிக்காரன்’ என்று முதலாளிக்குக் காட்டுகிற அடையாளம் என்றார் மைக்கேல் ஸ்பென்ஸ், 1973-இல். எல்லோர் கையிலும் அதே அடையாளம் இருந்தால் அது எதையும் காட்டாது. இன்று எம்.காமுக்கு நேர்ந்தது அதுதான். நல்ல சிங்கர் டைலர் ஊரில் குறைவு, அதனால் அவருக்குக் கிராக்கி. மகனை எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் வேலையைக் கையில் பிடித்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஷிப்பிங் பில்லைத் தப்பில்லாமல் போடத் தெரிந்தவர்களை இங்கே தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

கேள்வி: ஷிப்ட் சம்பளம் நல்லதா, பீஸ் ரேட் நல்லதா? ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் அரை ஷிப்டுக்கு அரைக் கூலிதான் போடுகிறார்கள். சரியா? (செக்கிங் வேலை பார்க்கும் பெண், அவிநாசி)

பதில்: கை வேகமாக இருக்கிறவருக்குப் பீஸ் ரேட் லாபம். அமெரிக்காவில் கார் கண்ணாடி மாற்றுகிற ஒரு கம்பெனி மணிக்கூலியிலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாறியதை எட்வர்ட் லாசியர் ஆராய்ந்தார். ஆளுக்கு வேலை 44 சதவீதம் கூடியது. அதில் ஏறக்குறைய பாதிதான் பழைய ஆட்கள் வேகமாகச் செய்ததால். மீதி, வேகமானவர்கள் வந்து சேர்ந்ததாலும் நிதானமானவர்கள் போய்விட்டதாலும். வயதானவர், கர்ப்பிணி, முதுகுவலிக்காரர் எங்கே போவார் என்ற கேள்வி அந்த 44-க்குள் இருக்கிறது. செக்கிங்கில் வேகத்தை விடக் கண் முக்கியம், ஓட்டையைத் தவற விட்டால் முழு லாட்டும் திரும்பும். அதற்கு ஷிப்ட் சம்பளமே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

அரை ஷிப்டுக்கு அரைக் கூலி சரியில்லை. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு இரட்டைக் கூலி என்றது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி உண்டு. இரட்டைக் கூலி கொடுத்தால் ஆட்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று சொல்கிற முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு அளவுக்கு மேல் வருமானம் வந்தால் மனிதர் ஓய்வைத் தேடுவார், அது உண்மைதான். காலை எட்டரைக்கு நின்றவர் இரவு எட்டரைக்கு வீட்டுக்குப் போக நினைப்பதில் என்ன குறை?

சம்பளச் சீட்டில் ஓவர்டைம் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டே தருவதில்லை என்றால், நாளையிலிருந்து தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், வாங்கிய தொகை நான்கையும் எழுதி வையுங்கள். மூன்று மாதக் கணக்கோடு தொழிலாளர் அலுவலகத்துக்கோ சங்கத்துக்கோ போகலாம், தனியாகப் போகாமல் லைனில் நாலு பேராகப் போங்கள். என் அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். 1979-லிருந்து எழுதிய தாள்கள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன.